பெறாமகளுக்கு: கார்க் கண்ணாடி கழுவும் பம்பைப் பற்றி

அன்புள்ள பிள்ளைக்கு,

ஆனையிறவடியில் லொறி கிளப்பிய தூசியில் ரோட்டே தெரியாமல் போனது, சுவிட்சை அழுத்தியும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிடாதே, மணல் கீறிவிடும்.

உடனே பம்ப் வாங்க ஓடவும் வேண்டாம். எஞ்சினைப் போடாமல் திறப்பை மட்டும் திருப்பி, சுவிட்சை அழுத்திக் காதுகொடு. உர்ரென்று சத்தம் வந்தும் தண்ணீர் வராவிட்டால், தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா பார். இருந்தால் பெரும்பாலும் ரியூப்பிலோ, தண்ணீர் பீச்சும் துளையிலோ, பம்ப் செருகியிருக்கும் இடத்து வலையிலோ அடைப்பு. சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ். அதுவும் சரியென்றால் பம்பின் பிளக்கைக் கழற்றி, ஒருவரை சுவிட்சை அழுத்தச் சொல்லி, 12 வோல்ட் ரெஸ்ற் லாம்பை அதில் வை. லாம்ப் எரிந்தால் கரண்ட் வருகிறது, பம்ப்தான் போய்விட்டது.

போன மாதம் என் காருக்கு நானே மாற்றினேன். ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சில்லுக்கு முன்னாலுள்ள பிளாஸ்ரிக் மறைப்பின் கிளிப்புகளைக் கழற்றினால் தாங்கியின் அடி தெரியும். அங்கே கறுப்பு றப்பர் வளையத்தில் பெருவிரல் பருமனில் பம்ப் செருகியிருக்கும். இழுத்ததும் மிச்சத் தண்ணீரெல்லாம் கொட்டும், வாளியை முதலே வை.

அந்த றப்பருக்குள் ஒரு சின்ன வலை. அதை நகத்தால் சுரண்டினேன்: வெள்ளை வெள்ளையாய், அரிசிக் குறுணல்போல உதிர்ந்தது. நம் வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. சுண்ணக்கல் மண்ணில் தோண்டிய கிணறு, தண்ணீர் வேறெப்படி இருக்கும்? அந்தத் தண்ணீரைத்தான் மாதக்கணக்காக ஊற்றியிருக்கிறேன்.

பழைய பம்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் பருமன், பிளக் எல்லாம் ஒப்பிட்டு வாங்கு. பின்கண்ணாடிக்கும் தண்ணீர் அடிக்கிற காரென்றால் பல கார்களில் ஒரே பம்புக்கு இரண்டு வாய் இருக்கும். மோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் முன்னுக்கு, மறுபக்கம் சுற்றினால் பின்னுக்கு. ரியூப்பை மாற்றிக் கொழுவினால் முன்சுவிட்சுக்குப் பின்கண்ணாடி நனையும். கழற்றமுன் போனில் ஒரு படம் எடுத்துவை. புதியதைச் செருகும்போது றப்பரைத் தண்ணீரால் நனைத்தால் போதும், எஞ்சின் ஒயில் பூசாதே, றப்பர் ஊதிப்போகும்.

அப்புறம், பற்றறிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரைத் தாங்கிக்குள் விடு. வீட்டு ஏசியிலிருந்து சொட்டுவதை வடிகட்டியும் விடலாம், அதில் சுண்ணாம்பு இல்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

ஞாயிறு காலமை வா. நீயே கழற்று, நான் பக்கத்தில் நின்று லைற் பிடிக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா