முதல் குளிர்காலத்துக்கு முன்

பொன்மலை,
நவம்பர் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே மூன்று நாளாக விடாத மழை. துணி காயப்போட இடமில்லாமல் அம்மா ஹாலிலேயே கொடி கட்டிவிட்டாள். மற்றபடி நாங்கள் நலம்.

போன ஞாயிறு, இங்கிலாந்துக் கால்வாயில் நீ குடியிருக்கும் படகிலிருந்து வீடியோவில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, நான் உன் முகத்தைவிட உனக்குப் பின்னால் இருந்த கதவைத்தான் அதிகம் பார்த்தேன். கதவின் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளில், அம்மா கொடுத்துவிட்ட பச்சைக் கரை ஈரோட்டுத் துண்டைச் சுருட்டி அடைத்திருக்கிறாய். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அம்மா அன்றைக்கே உன்னை ஊருக்கு வரச் சொல்லியிருப்பாள். போனில் சொன்னாலோ "சரிப்பா, சரிப்பா" என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

துண்டை எடுத்துவிடு. குளிர்க்காற்று காலில் அடிக்கிறது என்று அடைத்திருப்பாய், தெரியும். ஆனால் அந்தத் துளை, குளிருக்கு மூட்டும் கரி அடுப்புக்கும் உனக்கும் சேர்த்து வைத்தது. படுக்கும்போது அடுப்பின் காற்றுவாயை இறுக்கிவிட்டு, கரியை விடியும்வரை கனல விடுகிறாய். காற்று போதாமல் எரியும் கரிதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும். நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரி வரும். வெளியே போனால் தெளியும். அப்படி ஒரு நாள் தோன்றினால் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கரைக்கு ஓடு. காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம். படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அந்த வாயு அலாரம் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம் என்பதால் உன் படகிலும் மாட்டியிருக்கிறது. ஆனால் சான்றிதழ்காரர் வருவது நான்கு வருஷத்துக்கு ஒரு முறை. அலாரத்தின் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டியது நீதான், வாரா வாரம். புகைக்குழாயிலும் பிரஷ் விட்டுக் குத்து. அடுப்புக்குள் மேலே ஒரு தகடு இருக்கிறதே, அதன் முதுகில் கரித்தூள் மேடு கட்டிக்கொள்ளும்; அதையும் வழித்து எடு.

துளையை அடைத்தால் படகு கதகதப்பாக இருக்கும் என்பதும் பாதிதான் உண்மை. கேபின் சுவர் 4 மில்லிமீட்டர் இரும்பு. வெளியே பனி, உள்ளே உன் ரசம் கொதிக்கும் ஆவி, நீ விடும் மூச்சு. எல்லாம் ஜன்னல் சட்டத்தில் தண்ணீராக இறங்கி, கடைசியில் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பூக்கும். சமைக்கும்போது ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வை. மெத்தையை வாரம் ஒரு நாள் நிமிர்த்திச் சாய்த்து வை.

பேட்டரிக்கு வருகிறேன். நான் அங்கே இருந்தபோது ஆகஸ்டு வெயிலில் சோலார் பலகை போதும் போதும் என்று கொட்டியது. அதை வைத்துக் கணக்குப் போடாதே. டிசம்பரில் உனக்குப் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. சூரியன் மரத்துக்கு மேலே வருவதே அபூர்வம். காலையில் எதையும் போடுவதற்கு முன் மீட்டரைப் பார். 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஈய பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். ஷெட்டில் முப்பது வருஷம், பேட்டரி அமிலத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் கையுமாக அலைந்தவன் சொல்கிறேன். வெயில் இல்லாதபோது பேட்டரியை நிரப்ப எஞ்சினைத்தான் ஓட்ட வேண்டும்; இரவு 8 முதல் காலை 8 வரை அதை ஓட்டக் கூடாது என்று அங்கே விதி இருப்பதால், ஆபீஸ் வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே. மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஓட்டு, சுடுதண்ணீரும் கிடைக்கும். அந்த எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரை மூட்டை கட்டி வை. 700 வாட் குக்கர் அரை மணி ஓடினால் பேட்டரியிலிருந்து முப்பது ஆம்பியர்-மணிக்கு மேல் உறிஞ்சிவிடும். சின்ன பிரஷர் குக்கரை கேஸில் ஏற்றி மூன்று விசில் விட்டால் வேலை முடிந்தது. சிலிண்டர் புரொப்பேன்தானா என்று பார்த்து வாங்கு; பியூட்டேன் உறைபனியில் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

பின்பக்கம் புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் பித்தளைக் கிரீஸ் கப் ஒன்று உண்டு. எனக்கு அந்தப் படகிலேயே பிடித்த பொருள் அதுதான். பயணம் முடிந்ததும் கையில் இறுக்கம் தட்டும்வரை திருகு. கவனிக்காமல் விட்டால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே வரும். பம்பு அதை இறைக்கும். பம்பு பேட்டரியைத் தின்னும். பேட்டரி செத்தால் பம்பும் நின்றுவிடும்.

இவ்வளவு பேசுகிறவர் லாக்கில், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவுத் தொட்டியில், என்ன செய்தார் என்று நீ கேட்பாய். கேள். ஸ்டோக் புரூயெர்னில் இரண்டாவது லாக்கில் இறங்கும்போது சுக்கான் என் கையில்தான் இருந்தது. கரையில் ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு போனதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்க இறங்க, படகின் பின்பக்கம் மேல்கதவின் அடித்திட்டில் உட்கார்ந்துகொண்டது. முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஸ்டவ் மேல் இருந்த கெட்டில் நகர்ந்து விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீ தண்ணீரை வெளியே விடும் மடையான கீழ்ப் பேடலை அடைத்துவிட்டு மேலே ஓடி, தண்ணீரைத் திரும்ப உள்ளே விட்டதால் படகு தப்பியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முன்பக்கம் மூழ்கியிருக்கும். நீ என்னைத் திட்டவில்லை. ஒரு டீ போட்டுக் கொடுத்தாய். குளிரில் நீ தனியாக லாக் இறங்கும்போது அதை நினைத்துக்கொள். பேடலைப் பாதிதான் தூக்கு. கண், அடித்திட்டு எதுவரை நீள்கிறது என்று சுவரில் காட்டும் வெள்ளைக் கோட்டிலும் படகின் பின்பக்கத்திலும் இருக்கட்டும்.

அதே ஊர் மியூசியத்தில், பத்தடிக்கு ஏழடி கேபினில் ஒரு சரக்குப் படகுக் குடும்பமே பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்ததைப் பார்த்தோமே. 1962-63 குளிரில் கால்வாய் வாரக்கணக்கில் உறைந்துபோய், அவர்கள் சரக்குத் தொழிலே ஏறக்குறைய முடிந்துபோனது. உனக்கு அவ்வளவு வராது. இருந்தாலும் உறைபனி அறிவிப்பு வந்தால் முதல் நாளே குடிதண்ணீர் டேங்கை நிரப்பிவிடு, கழிவறைப் பெட்டி இரண்டையும் காலி செய்து வை. பெட்டி நிரம்பிப் பனியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டாம். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு படகை ஓட்டாதே. தார்ப் பூச்சு உரிந்துவிடும், பக்கத்துப் படகுக்காரரின் ஃபைபர் உடம்பும் கிழியும். நிலையாகப் படகு கட்டும் இடம் இல்லாததால் பதினாலு நாளுக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டியவள் நீ. குளிர்காலத்தில் லாக்குகளைப் பழுதுபார்க்க மூடுவார்கள். கிளம்புமுன் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள். மாட்டிக்கொண்டால் கால்வாயைப் பராமரிக்கும் டிரஸ்டுக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்.

காலையில் கையில் காபி டம்ளரோடு படகின் விளிம்பில் நடப்பாயே, அதை மார்ச்சு வரை நிறுத்தி வை. உறைந்த விளிம்பு எண்ணெய் தடவிய தட்டு மாதிரி. வெளியே வந்தால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்.

உன் மாமா நேற்று வந்து, பாப்பா ஏன் ஒழுங்காக ஒரு ஃபிளாட்டில் இருக்கக் கூடாது என்று கேட்டார். நானும் போன வருஷம் இதையேதான் கேட்டேன். இப்போது பதில் சொல்லவில்லை, எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன்.

துண்டை எடுத்ததும் கதவை ஒரு போட்டோ எடுத்து என் நம்பருக்கு மட்டும் அனுப்பு. அம்மா எதற்கு என்று கேட்டால், பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா