மழைக்கும் மண்ணுக்கும் நாங்கள் எப்படி ஜாமீன் நிற்பது?

டெண்டர் நிபந்தனைகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தடுப்புச்சுவர், வடிகால், நடைபாதை என்று சின்னச் சின்ன அரசு வேலைகளை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர் நான். டெண்டர் ஆவணத்தில் ஈட்டுறுதி என்று ஒரு பத்தி வருகிறதே, எந்த இழப்பு வந்தாலும் ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு என்று, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கலவை சரியில்லை என்றால் நான் பொறுப்பு. என் ஆளுக்கு அடிபட்டாலும் நான்தான், 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்த காலம் முதலே அப்படித்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மலைக்கு?

சில வருடங்களுக்கு முன் ரோட்டோரம் ஒரு சுவர் கட்டினேன். மேலே தேயிலைத் தோட்டம், அதன் தண்ணீர் முழுக்க அந்த வளைவில்தான் இறங்கும், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலே ஒரு வாய்க்கால் வேண்டும் என்று கேட்டேன், எஸ்டிமேட்டில் இல்லை என்றார்கள். ஐப்பசி மழை பிடித்து மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், சுவரில் விட்டிருந்த குழாய்களில் செம்மண் கூழாக வழிகிறது, சுவர் நடுவில் ஒரு சாண் வயிறு தள்ளி நிற்கிறது. இடம் அவர்கள் காட்டியது, வரைபடம் அவர்கள் போட்டது. இடித்துத் திரும்பக் கட்டியது என் வீட்டு நகையை அடகு வைத்து.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்படிப்பட்ட மலையில் மழைக்கும் சேர்த்து ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கி என்ன பயன், அவனிடம் பிடுங்க என்ன இருக்கிறது? 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 124-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள், ஈட்டுறுதி என்பதற்கு அது தரும் விளக்கத்தில் மனிதர் செயலால் வரும் நட்டம்தான் இருக்கிறது, மழை இல்லை.

அதற்குத்தான் இன்சூரன்ஸ். கட்டுமான வேலைக்கு வரும் சேதத்துக்கென்றே 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' பாலிசி என்று கேட்டால் கொடுப்பார்கள், பிரீமியத்தை எஸ்டிமேட்டில் தனி வரியாகச் சேருங்கள். இப்போது என்ன நடக்கிறது? ஆபத்தைக் கணக்குப் பார்த்து விலை போடுகிறவனுக்கு வேலை கிடைப்பதில்லை, அந்தப் பத்தியைப் படிக்காமலே குறைத்துப் போடுகிறவன் எடுக்கிறான், சுவர் சாய்ந்ததும் போனை அணைத்துவிடுகிறான், அப்புறம் மறு டெண்டர். அதுவரை அந்த வளைவில் மணல் மூட்டைதான், அதை ஒட்டித்தான் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

டெண்டருக்கு முன்னால் மண் பரிசோதனையைத் துறையே செய்யட்டும். வரைபடத்தில் குறை என்றால் துறை ஏற்கட்டும், வேலையில் குறை என்றால் நான் ஏற்கிறேன், என் பொறுப்புக்கும் ஒப்பந்தத் தொகை அளவில் ஒரு வரம்பு வையுங்கள். உயிர்ச்சேதத்துக்கு அந்த வரம்பு வேண்டாம், அதை நான் கேட்கவும் மாட்டேன்.

மேற்கே கூடலூர், பந்தலூருக்கு ஆடி மழை, கிழக்கே எங்களுக்கு ஐப்பசி மழை. அதற்குள் அந்தப் பத்தியைத் திருத்திக் கொடுத்தால் இந்த வருட வேலைகளுக்காவது உதவும்.