எங்கள் உறுதியில் கிணற்றுப் பங்கும் எழுதியிருக்கிறது

கொழும்பிலும் புதுடில்லியிலும் உள்ள வெளிவிவகார அமைச்சர்கள் இருவருக்கும்,

வணக்கம். வலிகாமம் வடக்கில், பலாலி விமான ஓடுபாதைக்குக் கிட்ட நான்கு பரப்புக் காணிக்கு, அதாவது கால் ஏக்கருக்கு, சொந்தக்காரன் எழுதுகிறேன். காணி இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. காணிப் பத்திரமான உறுதி மட்டும் என்னிடம்.

1987 உடன்படிக்கையோடு எங்கள் பக்கம் வந்த இந்திய அமைதிப்படையைத் திருப்பி எடுப்பது பற்றி உங்கள் இரு நாடுகளும் பேசிய காலம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜூலை 29க்குள் படை போகவேண்டும் என்று 1989 ஜூன் 1இல் ஜனாதிபதி பிரேமதாச அறிவித்தார். ஒரு பக்கம் மட்டும் நாள் குறிக்க முடியாது, தமிழரின் பாதுகாப்பும் சேர்ந்த விஷயம் இது என்று ராஜீவ் காந்தி நின்றார். கடிதத்துக்கு மேல் கடிதம். செப்டெம்பர் 18இல் ஒருவழியாக இணங்கினீர்கள்: ஆண்டு முடிவதற்குள் முழுப் படையையும் எடுப்பது. அதுவும் இழுபட்டு, 1990 மார்ச் 24இல்தான் கடைசிப் படையினர் திருகோணமலையில் கப்பலேறினார்கள்.

அவர்கள் போனதில் எனக்குக் கவலையில்லை. 1987 ஒக்டோபரில் பெரியாஸ்பத்திரிக்குள் அந்தப் படை நோயாளரையும் ஊழியரையும் சுட்டுக் கொன்றதை யாழ்ப்பாணம் மறக்காது. என் மனக்குறை வேறு. உங்கள் இரு நாடுகளின் அந்த 1987 உடன்படிக்கையில், இலங்கைப் படைகள் அந்த ஆண்டு மே 25இல் இருந்த முகாம்களுக்குத் திரும்பவேண்டும் என்று நாள் வைத்து எழுதினீர்கள். படையாட்களுக்கு அவ்வளவு துல்லியம். முகாமைச் சுற்றி வீடு வைத்திருந்த சனத்துக்கு? 1990 ஜூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்க, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம்.

எங்கள் அப்பு எழுதுவித்த உறுதியைப் பாருங்கள். வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னாரின் வளவு என்று நாலு எல்லை. அப்புறம் பயன்மரங்கள், பொதுக் கிணற்றில் பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போய்வரும் வழி, வாய்க்கால் உரிமை. நாலு பரப்புக்கே, உறுதி எழுதும் ஊர் நொத்தாரிசு இவ்வளவும் யோசித்திருக்கிறார்.

2025 ஏப்ரல் 5இல் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்றிலும் கையெழுத்திட்டீர்கள். அதன் முழு வாசகம் எங்கள் கைக்கு வரவில்லை. பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் உங்கள் பேச்சில் அடிக்கடி வருகின்றன. வரட்டும், 2019இல் விமான நிலையம் சர்வதேசப் பெயரோடு திறந்தபோது நாங்களும் சந்தோசப்பட்டோம். ஆனால் ஓடுபாதையை நீட்டுவதென்றால் யாருடைய காணி, எத்தனை பரப்பு, எஞ்சியது எப்போது திரும்பும் என்பதை அதே மேசையில் வைத்து எழுதுங்கள். கையெழுத்துக்கு முன்பே தமிழில் எங்களுக்குக் காட்டுங்கள். காணிக்காரரில் இரண்டு பேரையாவது கூப்பிட்டு இருத்துங்கள்.

பதிலை உறுதியிலுள்ள விலாசத்துக்கு அனுப்பவேண்டாம், தபால்காரரை உள்ளே விடமாட்டார்கள். கிராம சேவகரிடம் கொடுத்தால் வந்து சேரும்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்குக் காணிக்காரன் ஒருவன்
யாழ்ப்பாணம்