முலானும் வற்றாப்பளை அம்மனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மூன்று கிழமைக்கு முன் அமெரிக்காவில் வளர்ந்த சீன எழுத்தாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதற்குப் பதிலாகப் போன கிழமை ஒரு வாசகரின் கடிதத்தையும் போட்டிருந்தீர்கள். சீனாவையே காணாதவர்கள் சீனக் கதை எழுதுவதும், கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் வன்னியைப் பற்றி இங்கிலிசில் எழுதுவதும் ஒரே சாதிப் பொய், அதை யாரும் மெச்சக்கூடாது என்பது அவருடைய கட்சி. அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சரியாகத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன், ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு கோபம் இருந்தது.

என் அக்கா 1997இல் கொழும்புக்குப் போய் அங்கிருந்து கனடா போனவ. அவவின் மகள், என் பெறாமகள், ரொறன்ரோவில் பிறந்தவள். கதை எழுதுவாள். போன வருடம் தன் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வந்த ஒரு கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதில் எங்கள் ஊர் முள்ளியவளையில் ஒரு அம்மம்மா மார்கழி மாதத்தில் மாம்பழம் பொறுக்குகிறா, பிறகு கிணற்றடிக்குப் போய்க் கப்பியில் தண்ணீர் இழுக்கும்போது எறிகணை விழுந்து சாகிறா. எங்கள் வளவில் கப்பியே கிடையாது, துலாதான். மார்கழியில் இங்கே மழைத்தண்ணீரைத் தவிர வேறொன்றும் பொறுக்க ஏலாது. எங்கள் அம்மா கிணற்றடியில் சாகவும் இல்லை. 2009இல் அகதி முகாமில், வயிற்றோட்டம் தொடங்கி மூன்றாம் நாள் போனவ, நான் தலைமாட்டில் இருந்தேன்.

போனில் பிடித்து நன்றாக ஏசினேன். துலாவுக்கும் கப்பிக்கும் வித்தியாசம் தெரியாமல் என்னத்துக்கடி எழுதுறாய் என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மம்மா வயசுபோய்ச் செத்தவ எண்டு அம்மா ஒருக்காச் சொன்னவ. சண்டையில எண்டு இன்னொருக்காச் சொன்னவ. அதுக்கு மேல கேட்டா எழும்பிக் குசினிக்குப் போயிடுவா. அப்ப என்னதான் நடந்தது சின்னம்மா?" எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குக் கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாளைக்கும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரரிடம் அவள் ஒரு புத்தகம் கொடுத்துவிட்டாள். உங்கள் கட்டுரையில் பெயர் வந்த மக்சின் ஹொங் கிங்ஸ்ரன் 1976இல் எழுதிய 'த வுமன் வாரியர்'. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பித்தவள், ஆனாலும் இப்படி ஒரு புத்தகம் இருப்பது எனக்குத் தெரியாது. சீனர் என்றால் எங்களுக்கு ஏ9 ரோட்டைத் திருத்த வந்தவர்கள், அவ்வளவுதான்.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு கிணறு. சலவைக்கடை வைத்துப் பிழைக்கிற சீனத் தாய் தன் மகளுக்கு ஒரு இரகசியம் சொல்கிறா. சீனாவில் அப்பாவுக்கு ஒரு சகோதரி இருந்தவ, புருஷன் வெளிநாட்டில் இருக்கும்போது பிள்ளைத்தாய்ச்சியானா, ஊர்ச்சனம் வந்து வீட்டை உடைத்தது, அன்றிரவே பன்றிக்கொட்டிலில் பிள்ளையைப் பெற்று அதையும் கொண்டு கிணற்றில் விழுந்தா. இதை ஒருவருக்கும் சொல்லாதே, அப்பாவுக்கு முன்னால் வாயே திறக்காதே. அத்தோடு கதை முடிந்தது. அந்த மாமிக்குப் பெயர் கூடக் கிடையாது. மகள் என்ன செய்வாள்? அவளை யாராவது பலவந்தம் செய்திருக்கலாம், இல்லையென்றால் அவளே ஒருவனை விரும்பியிருக்கலாம் என்று தானே ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்க்கிறாள். கட்டுவதை ஒளிக்கவும் இல்லை. இப்படியும் இருந்திருக்கலாம் என்று சொல்லிச் சொல்லித்தான் போகிறாள். வாசித்துவிட்டு அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

உங்கள் வாசகர் இதைத்தான் பொய் என்கிறார். பொய் எங்கேயிருந்து தொடங்கியது என்று அவர் பார்க்கவில்லை. 1882இல் அமெரிக்கா சீனக் கூலியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டது, 1943இல்தான் எடுத்தது, எடுத்த பிறகும் வருடத்துக்கு 105 பேர் என்றுதான் கணக்கு. இடையில் 1906இல் சான் பிரான்சிஸ்கோ பூமியதிர்ச்சியும் தீயும் வந்து பிறப்புப் பதிவுகள் எரிந்துபோக, நான் இங்கே பிறந்தவன், இவன் என் மகன் என்று கடதாசியில் மட்டும் மகன்களானவர்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். அதிகாரிகளும் விடவில்லை. 1910 தொடக்கம் 1940 வரை சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஏஞ்சல் தீவில் மறித்து வைத்து, உன் வீட்டுக்கு எத்தனை யன்னல், அரிசிப்பெட்டி எந்த மூலையில், கிணறு எந்தப் பக்கம் என்று கிழமைக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் குடைந்தார்கள். வந்தவர்கள் விடைகளைப் பாடமாக்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். (அகதி விசாரணைக்கு முதல் நாள் அக்கா எந்தத் திகதியில் எந்த ஊரில் இருந்தேன் என்று கொப்பியில் எழுதி உருப்போட்டவ. எங்கள் ஆட்களுக்கு இது புதுக்கதையே இல்லை.) அப்படி வந்தவன் தன் சொந்தப் பிள்ளைக்கு உண்மைப் பெயரைச் சொல்லுவானா? பிள்ளை பள்ளிக்கூடத்தில் உளறினால் குடும்பத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். சட்டம் பெற்றோரின் வாயைக் கட்டியது, வாய் கட்டின வீட்டில் வளர்ந்த பிள்ளை இட்டுக்கட்டித்தான் எழுதும். கப்பிக்காக நான் அவளை ஏசினேன். துலாவைப் பற்றி அவளுக்கு நானோ அக்காவோ எப்போது சொன்னோம்?

சரி, அடுத்த குற்றச்சாட்டு, பழைய கதையைத் திரித்துவிட்டார்கள் என்பது. இது சீனர்களுக்குள்ளேயே பெரிய சண்டையாக நடந்தது. தகப்பனுக்குப் பதிலாக ஆண்வேடத்தில் சண்டைக்குப் போன முலானின் பாட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட வருடப் பழசு. கிங்ஸ்ரன் தன் புத்தகத்தில் அந்தப் பெண்ணின் முதுகில் பெற்றோர் கத்தியால் எழுத்துகளைக் கீறுவதாக எழுதினார். உண்மையில் முதுகில் எழுத்துக் குத்தப்பட்ட கதை யுவே பெய் என்ற தளபதியுடையது, குத்தியது அவருடைய தாய். பிராங் சின் என்ற இன்னொரு சீன அமெரிக்க எழுத்தாளர் இதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரருக்காகச் செய்த போலி என்று வருடக்கணக்கில் திட்டினார். கடல் தாண்டிக் கதையைச் சுமந்து போகிறவர்கள் மாறுகிறார்கள், கதையும் சேர்ந்து மாறும், மாறாவிட்டால் மறந்து போகும் என்ற மாதிரிக் கிங்ஸ்ரன் பதில் எழுதினார்.

இதை வாசித்ததும் எனக்கு எங்கள் பக்கத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன்தான் ஞாபகம் வந்தது. நான் முள்ளியவளைக்காரி, வேறு யார் வருவார்? சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரித்துவிட்டுச் சேரநாட்டுக்குப் போய் வேங்கை மரத்தடியில் நின்று வானம் ஏறுகிறாள். எங்கள் கண்ணகி அப்படியா? நந்திக்கடல் ஓரத்தில் கிழவியாக வந்து மாடு மேய்த்த பொடியன்களிடம் பொங்கித் தரச் சொன்னவ, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று அவர்கள் நிற்கக் கடல்தண்ணீரை விட்டு எரிக்கச் சொன்னவ, பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுத்தபோது தலையெல்லாம் கண்ணாக இருந்தது. இளங்கோவடிகள் இதில் ஒரு வரி எழுதவில்லை. அதற்காக வைகாசியில் சிலாவத்தையில் தீர்த்தம் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் உப்புத்தண்ணீர் விளக்கு எரித்து, வற்றாப்பளைக்குக் கொண்டு போகிற சனத்தைப் பார்த்து, நீங்கள் கதையைத் திரித்துவிட்டீர்கள் என்று உங்கள் வாசகர் சொல்லுவாரா? சொல்லிப் பார்க்கட்டும். மதுரையிலிருந்து கண்ணகி முல்லைத்தீவுக்கு வரலாமென்றால் முலான் கலிபோர்னியாவுக்குப் போகக்கூடாதா?

இன்னொன்று. இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் மனம் உடைந்தவர்கள் என்று கட்டுரையாளர் மிகவும் இரங்குகிறார். இரக்கம் தேவையில்லை. கிங்ஸ்ரன் சின்ன வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தவர், வரைந்த படங்களுக்கு மேல் முழுக்கக் கறுப்புப் பூசுவார். ஆசிரியர்கள் பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்கோ அது நாடக மேடைத் திரை, இப்போது விலகப்போகிறது. 2010இல் என் வகுப்பிலும் ஒரு பொடியன் கொப்பி முழுக்கக் கறுப்பாக்கினான். படங்களைச் சேகரிக்க வெளியிலிருந்து வந்தவர்கள் அதைக் கண்டு கண் கலங்கினார்கள். பிறகு நான் கேட்டேன். "இரவு ரீச்சர், கறண்ட் இல்லை" என்றான்.

எமி ரான் என்ற சீன அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வரி. தாயின் இங்கிலிசைக் கேட்டு மற்றவர்கள் மதிக்காததால் சின்ன வயதிலேயே தாய் போலத் தொலைபேசியில் பேசிக் காரியம் பார்த்தவர் அவர். தாயின் அந்த இங்கிலிசை வைத்தே பிறகு எழுதவும் செய்தார். அதைச் சொல்லியிருக்கலாம். சிங்களத்தில் மட்டும் இருக்கிற படிவத்தைத் தாய்க்காக நிரப்பிக் கொடுக்கிற பிள்ளை எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. ஹா ஜின் என்ற எழுத்தாளரையும் இவர்களோடு சேர்த்துப் போட்டதுதான் பொருந்தவில்லை. அவர் சீனாவில் பிறந்து வளர்ந்து, அங்கே பட்டாளத்திலும் இருந்து, 1985இல் படிக்கப் போனவர். அது வேறு வழக்கு.

கிங்ஸ்ரனின் வீடு 1991இல் ஓக்லண்ட் மலைத்தீயில் எரிந்தது, எழுதிக்கொண்டிருந்த நாவலும் எரிந்தது. பிறகு அவர் சண்டையிலிருந்து திரும்பி வந்த படைவீரர்களைக் கூட்டி வைத்து எழுதச் சொல்லிக் கொடுத்தாராம். என்னுடைய நாட்குறிப்புக் கொப்பிகள் ஆறு, பிளாஸ்ரிக் பரலில் போட்டு 2008இல் வளவுக்குள் தாட்டவை. திரும்பி வந்து கிண்டினால் பரல் வெடித்து, உள்ளே கறையான் புற்று. எனக்கு யாரும் எழுதச் சொல்லவில்லை, நானும் அதற்குப் பிறகு எழுதவில்லை. எழுதாத நான் எழுதுகிற பிள்ளையை ஏசினேன்.

தை மாதத்தில் ஒரு நாள் இரவு அவளுக்கு நானே எடுத்துச் சொன்னேன், முகாமில் நடந்தது முழுக்க. மூன்று இரவு போனது. இடையில் ஒரு தரம் அக்கா போனைப் பறித்து, ஏன் இதெல்லாம் பிள்ளைக்கு என்று அழுதா, பிறகு அவவும் இருந்து கேட்டா. கதையைத் திருத்தப் போகிறாயா என்று கேட்டேன். கப்பியைத் துலாவாக்குகிறாளாம். கிணற்றடியை அப்படியே விடப்போகிறாளாம், அம்மம்மா அங்கே நிற்பதுதான் தனக்குப் பிடித்திருக்கிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். உங்கள் கட்டுரையில் கிங்ஸ்ரன் சீனாவில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா போனவர் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் 1940இல் கலிபோர்னியா ஸ்ரொக்ரனில் பிறந்தவர். அந்தப் புத்தகத்தை எழுதும்வரை சீனாவுக்குப் போனதே இல்லை. வருகிற ஞாயிறு திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
முள்ளியவளை.