பக்கத்துப் பெட்டியோடு பேசாத பெட்டி

அன்புள்ள ஏலத்தோட்ட வாடிக்கையாளர்களுக்கு,

குமுளி கடையிலிருந்து வணக்கம். மண் ஈரம் பார்க்கும் பெட்டிகளை வாங்கியவர்களில் பலர் இந்த மாதம் ஒரே கேள்வியோடு வந்தீர்கள்: "மூணாவது பெட்டிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல 50 மீட்டர்தான். முன்னாடி போன்ல கோடு காட்டுச்சு, இப்ப இல்ல. பழுதா?"

பழுதில்லை. அந்தக் கோடு இரண்டு பெட்டிகள் அலை வழியாக நேராகப் பேசிக்கொள்வதைக் காட்டுவது. அது வேண்டாம் என்று பெட்டிகளே முடிவு செய்தன.

முன்பு எந்தப் பெட்டி எதோடு பேசுவது என்பதைத் தோட்டத்து ஸ்டோரில் இருந்த கம்ப்யூட்டர்தான் தீர்மானித்தது. போன இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போனபோது ஒரு பெட்டியும் செத்தது. மாற்று வழி சொல்ல ஆளில்லாமல் ஒரு தோட்டமே இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது. தப்பு எங்களுடையதுதான்.

இப்போது ஒவ்வொரு பெட்டியும் தன் அலை எட்டும் அண்டைப் பெட்டிகளை மட்டும் விசாரித்துத் தானே முடிவெடுக்கிறது. விதி எளிது. இரண்டு பெட்டிகளுக்கு இடைப்பட்ட கோட்டை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே மூன்றாவது பெட்டி இருந்தால் நேர் இணைப்பு கிடையாது. 1969-இல் கேப்ரியல், சோக்கல் என்ற இருவர் சொன்னது இது. அவர்கள் ரேடியோவை நினைக்கவே இல்லை. இடத்துக்கு இடம் உயிரினங்கள் மாறுவதைத்தான் ஆராய்ந்தார்கள்!

இதில் லாபம் பேட்டரிக்கு. அலைக்குச் செலவாகும் சக்தி குறைந்தது தூரத்தின் வர்க்கமாக ஏறும். ஈர இலைக்குள் அதைவிட மோசம். 50 மீட்டரை நேராகத் தாண்டினால் செலவு 50 × 50, அதாவது 2500 பங்கு. நடுவில் இருக்கும் நான்காவது பெட்டி வழியாக 28, 36 மீட்டர் என இரண்டு தாவல் போனால் 784, 1296, மொத்தம் 2080. நடுப்பெட்டி இரண்டுக்கும் இன்னும் கிட்ட இருப்பதால் வழி அறுந்துபோகாது. மிஞ்சும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது.

காகிதத்தில் இது சுத்தமான கணக்கு. நம் மலையில் பாறை குறுக்கே நிற்கும். அதனால் நடுப்பெட்டியின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் கேட்டால்தான் நேர்க் கோட்டை நீக்கும்படி வைத்திருக்கிறோம்.

அப்புறம், ஸ்டோரைச் சுற்றி வட்டமாகப் பெட்டி நடாதீர்கள். பத்துப் பெட்டி நட்டால் ஸ்டோருக்குப் போகும் பத்துக் கோட்டையும் விதி நீக்காமல் வைத்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பெட்டிகளில் உள்ள புளூடூத்தில், நடுவில் ஸ்டோரில் இருக்கும் தலைமைக் கருவி ஒரே நேரத்தில் ஏழு பேரோடுதான் இயங்கும். மீதி மூன்று பெட்டிகள் பக்கத்துப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டியிருக்கும்.

ஒரு வேண்டுகோள். மரநிழலில் ஜி.பி.எஸ். தடுமாறும் என்பதால் ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் நாங்கள் டேப் பிடித்து அளந்து பதிந்திருக்கிறோம். களை எடுக்கும்போது பெட்டியைப் பிடுங்கி அடுத்த ஏலச்செடிக்குப் பக்கத்தில் நட்டால் கணக்கு முழுக்கப் பிசகும். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் கடைக்கு ஒரு போன் போடுங்கள். வந்து அளந்து கொடுக்கிறோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள், குமுளி