சிரிக்காத முகம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் "சரிம்மா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நீ இங்கே விட்டுச்சென்ற, அந்தக் கால அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் படங்களை எல்லாம் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அவருடைய வாழ்க்கையைப் பற்றியும் கிடைத்ததை எல்லாம் படித்தேன். சில நாட்களாக வேறெதிலும் மனம் செல்லவில்லை.

1895இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்த அந்தப் பிள்ளையை, நடக்கத் தெரிந்த சில வருடங்களிலேயே பெற்றோர் தங்கள் மேடை நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். தூக்கி எறிவதற்கு வசதியாக, சட்டையின் முதுகில் பெட்டிக்கு வைப்பது போன்ற கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்களாம். அதைப் பிடித்துத் தகப்பனார் அவனை மேடையின் குறுக்கே வீசுவார். விழுந்த பிள்ளை சிரித்தால் கூட்டம் அடங்கிவிடும். முகத்தை இறுக்கிக்கொண்டால் கொட்டகையே அதிரும். உலகம் கொண்டாடிய அந்தச் சிரிக்காத முகம் அப்படித்தான் உருவானது. பெற்றவளான எனக்கோ, வலித்தாலும் காட்டிக்கொள்ளாதே என்று ஒரு குழந்தையைப் பழக்கியதாகவே படுகிறது. அந்தத் தகப்பனாரின் குடியால்தான் 1917இல் குடும்ப நிகழ்ச்சியே கலைந்தது. தாத்தாவைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1924இல் வந்த 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் அவர் ரயில் பெட்டிகளின் மேல் ஓடி வந்து, தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்கும் காட்சி உனக்கு நினைவிருக்கும். கொட்டிய தண்ணீரின் வேகத்தில் கீழே விழுந்தவரின் பிடரி தண்டவாளத்தில் மோதியது. எழுந்து ஓடுகிறார், அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது. அதன்பின் கடுமையான தலைவலி வந்தபோதும் வேலையைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் சொல்லித்தான், அன்று கழுத்தெலும்பு முறிந்திருந்தது அவருக்கே தெரியவந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றென்றால் யாரிடமாவது சொல், தம்பி. மனதுக்கு என்றாலும் சொல்.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஏறக்குறைய 2 டன் எடையுள்ள வீட்டின் முன்சுவர் முழுதாக அவர் மேல் சாய்கிறது. திறந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் அவர் அசையாமல் நிற்பதால் பிழைக்கிறார். அவர் தலையையும் தோளையும் சுற்றிச் சில அங்குலங்களே இடைவெளி. தன் சொந்த ஸ்டுடியோ கைவிட்டுப் போகிறது என்று அறிந்திருந்த நேரத்தில் அவர் அப்படி நின்றார். எல்லோரும் அதை வீரம் என்கிறார்கள். அந்த முகத்தை நிறுத்திப் பார்த்தபோது எனக்கு வேறு சந்தேகம் வந்தது.

1928இல் அவர் எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்தார். அவரைப் போன்ற நகைச்சுவை நடிகர்களான சாப்ளினும் ஹரால்ட் லாய்டும் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று உனக்குச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. வாரம் 3,000 டாலர் சம்பளம் வந்தது. பேசும் படங்கள் நல்ல வசூலும் கண்டன. ஆனால் எந்த இடத்தில் விழ வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பிறர் எழுதிக் கொடுத்தார்கள். தானே யோசித்துத் தானே எடுத்துப் பழகிய மனிதர் குடியில் இறங்கினார். மனைவி பிரிந்தார், பிள்ளைகளின் குடும்பப் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள், 1933இல் வேலையும் போயிற்று. நீ நண்பர்களோடு எடுத்த சிறிய படத்தை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்றும் போட்டுக் காட்டுகிறேன். அதை எடுத்த நாட்களில் நீ இரவு எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடுவாய். பெரிய மாமா சொன்னதை நான் நம்பவில்லை. அதைப் பற்றிக் கேட்கவும் போவதில்லை. வேளைக்குச் சாப்பிடு. இரவில் தனியாக இருக்காதே.

கீட்டன் பிறகு அதே நிறுவனத்துக்கே வாரம் 100 டாலருக்குத் திரும்பி, மற்ற நடிகர்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுத்தார். அவருடைய சாகசங்கள் எல்லாவற்றையும்விட நான் மதிப்பது இதைத்தான். 1940இல் எலினாரை மணந்தார். அந்தப் பெண் கடைசிவரை உடனிருந்தார். 1960இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மறுவருடம் பிப்ரவரியில் காலமானார். கடைசி வருடம் வரை நடித்துக்கொண்டிருந்தார். சம்பளம் குறைந்த வேலைக்குப் போவது உனக்கு அவமானமாகத் தோன்றினால், இவர் படத்தை ஒன்று போட்டுப் பார்.

வேலையை விட்டுவிட்டாய் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. சித்தியிடம் வாங்கிய பணத்தைப் பற்றி அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், எடு.

அன்புடன்,
அம்மா