கன அடியோடு கடலின் நேரத்தையும் சொல்லுங்கள்

நீர்வளத்துறை அதிகாரிகளுக்கும் பேரிடர் மேலாண்மைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் உங்கள் அறிவிப்பு எங்களுக்கு மனப்பாடம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, இப்போது இத்தனை அடி, விநாடிக்கு இத்தனை கன அடி உபரிநீர் திறக்கப்படுகிறது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை, அப்புறம் அடையாற்றின் இரு கரையிலும் தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் பாதுகாப்பாக இருக்கவும். 2015-க்குப் பிறகு இதை ஒழுங்காகவே சொல்லி வருகிறீர்கள். ஆனால் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் இருக்கும் எங்களுக்கு இதில் பாதிக் கணக்குதான் கிடைக்கிறது. தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிகிறது. அது போய்ச் சேரவேண்டிய கடல் அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு மட்டும் கடல் பேச்சில் வந்துவிடும். "ஆற்று நீரைக் கடல் உள்வாங்கவில்லை" என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொலைக்காட்சியில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. பொய்யில்லை, உண்மைதான். ஆனால் ஏதோ கடலுக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்பதுபோல அதைச் சொல்வதுதான் பிடிக்கவில்லை. ஓதம், அதாவது நாள்தோறும் கடல்மட்டம் ஏறுவதும் இறங்குவதும், ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணிக்கக்கூடிய விஷயம். இந்தியத் துறைமுகங்களுக்கு ஓதம் கணிப்பதற்கென்றே 1879-ல் லண்டனில் கப்பியும் பற்சக்கரமுமாக ஒரு இயந்திரம் செய்தார்கள். இன்றைக்கு இந்திய நில அளவைத் துறை ஒவ்வோர் ஆண்டுக்குமான ஓத அட்டவணையை முன்னதாகவே வெளியிடுகிறது. அதில் சென்னையும் உண்டு. புயலே வந்தாலும் அந்த நேரக்கணக்கு பெரிதாக மாறிவிடாது. கணித்த மட்டத்துக்கு மேலே கடல் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் மாறும்.

சென்னையில் ஓதம் சின்னதுதானே, குஜராத்தின் பாவ்நகர் மாதிரி பத்து மீட்டரா ஏறுகிறது என்று கேட்பீர்கள். சரி, சின்னதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 1 மீட்டர். அஷ்டமியை ஒட்டி அது 40 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் அடையாறு கடைசிச் சில கிலோமீட்டரில் ஏறக்குறைய சரிவே இல்லாமல் கிடக்கும் ஆறு. முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் திரு.வி.க. பாலத்தில் நின்று பாருங்கள். கிழக்கே போய்க்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரைக் கொத்து தயங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் மெல்ல மேற்கே நகர ஆரம்பிக்கும். மழையில்லாத நாளிலேயே இப்படி.

இப்போது ஒரு விஷயம். இதைச் சரிபார்க்கத் தினசரி காலண்டர் போதும். 2015-ன் பெருவெள்ளம் டிசம்பர் 1, 2 தேதிகளில் வந்தது. மிக்ஜாம் மழை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியது. இரண்டு ஆண்டிலும் திருக்கார்த்திகை முடிந்து ஏறத்தாழ ஒரு வாரம், அதாவது தேய்பிறை அஷ்டமியை நெருங்கிய நாட்கள். நிலவால் வரும் ஓதம் அடங்கிக் கிடக்கும் நேரம் அது. அப்படியானால் மிக்ஜாமின்போது கடலை உயர்த்திப் பிடித்தது எது? கரையை நோக்கி நீரைத் தள்ளும் புயல் காற்று ஒன்று. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும் என்ற கணக்கு ஒன்று. முகத்துவாரத்தில் அடித்த அலை ஒன்று. இவை போக, வடகிழக்குப் பருவத்தில் நம் கரையில் கடலின் சராசரி மட்டமே மற்ற மாதங்களைவிட உயர்ந்துதான் நிற்கும். நமக்கு மழை கொட்டும் மாதங்களும் கடல் உயர்ந்திருக்கும் மாதங்களும் ஒன்றாகவே வாய்த்திருக்கின்றன. அது நம் தலையெழுத்து.

அதே மழை அஷ்டமியில் பெய்யாமல் அமாவாசையில் பெய்திருந்தால் உச்ச ஓதம் இன்னும் ஏறக்குறைய ஓர் அடி கூடியிருக்கும். கடலில் ஓர் அடி கூடினால் சைதாப்பேட்டையிலும் அப்படியே ஓர் அடி ஏறும் என்று நான் சொல்லவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அதிகம், மேலே போகப் போகக் குறையும். ஆனால் எங்கள் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் அரை அடியே ஃப்ரிட்ஜ் மோட்டார் தப்புமா போகுமா என்பதைத் தீர்மானித்துவிடும். இதுவரை வந்ததை வைத்தே இதற்குமேல் வராது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

கேட்பது புதிய திட்டமோ புதிய டெண்டரோ அல்ல. கருவி இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானி இருக்கிறது. 2004 சுனாமியைக்கூட அங்கிருந்த கருவி பதிவு செய்தது, அப்போது அதை உடனுக்குடன் பார்க்கத்தான் வழியில்லை. இன்றைக்கு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் எனும் தேசியக் கடல் தகவல் மையத்துக்குக் கடல்மட்டப் பதிவுகள் உடனடியாகப் போய்ச் சேருகின்றன. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்கென்று உருவாக்கிய சி-ஃப்ளோஸ் வெள்ள எச்சரிக்கை அமைப்பும் ஓதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கணினிக்குத் தெரிந்திருக்கிறது, உங்கள் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிந்திருக்கிறது. கரையில் இருப்பவருக்குத்தான் தெரியவில்லை. ஏன், உங்கள் துறையிலேயே நாகப்பட்டினம் பக்கம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள கடைமடை இயக்கு அணைகளில் ஷட்டர் தூக்கும் ஊழியரான லஸ்கரைக் கேளுங்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் வடிகால் நீரை விட முடியும், ஏற்றத்தில் திறந்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும் என்பது அவருக்கு அன்றாடம்.

எனவே அறிவிப்பில் ஒரு வரி சேருங்கள். "இப்போது திறக்கும் நீர் இன்றிரவு சுமார் இத்தனை மணிக்கு முகத்துவாரத்தை எட்டும், இத்தனை மணிக்கு உயர் ஓதம், இத்தனை மணிக்குத் தாழ் ஓதம், கணித்ததைவிடக் கடல் இப்போது இத்தனை செ.மீ. உயர்ந்திருக்கிறது." அவ்வளவுதான். ரயில் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று சொல்வதில்லையா, அதுபோல. கடைசித் துண்டு ரொம்ப முக்கியம். கணிப்புக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு மணி கூடினால், சாமான்களை மேலே ஏற்றிவிட்டு வயதானவர்களை இருட்டுவதற்குள் அழைத்துப் போக எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, துறைமுகத்து ஓதமானிக்கு அடையாற்று முகத்துவாரத்தின் மணல்திட்டு தெரியாது. ஆகவே உடைந்த பாலத்தின் பக்கம் ஒன்றும், திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் என்று தூரத்திலிருந்தே படிக்கும்படியான அளவுப் பலகைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பூஜ்யம், அதாவது அளவு தொடங்கும் ஒரே மட்டம், வையுங்கள். ஓத அட்டவணையின் பூஜ்யம் கடலின் சராசரி மட்டத்துக்கு அரை மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஆற்றின் அளவை நீங்கள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து சொல்கிறீர்கள். எங்களுக்குத் தெரிந்ததோ தெருவின் உயரம் ஒன்றுதான். மூன்றையும் ஒட்டவைத்து, "பலகையில் இந்தக் கோட்டைத் தொட்டால் இந்தத் தெருவுக்குள் நீர் வரும்" என்று வார்டு வாரியாக ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தால் போதும். கூவம், எண்ணூர்க் கரைகளுக்கும் இதேதான் தேவை.

கணிப்பு தவறிவிட்டால் மக்கள் திட்டுவார்களே என்ற தயக்கம் இருக்கலாம். திட்டத்தான் செய்வோம். ஆனாலும் சொல்லுங்கள். வருகிற புரட்டாசி அமாவாசையில், மழை வலுப்பதற்கு முன்பே, ஒருநாள் ஒத்திகையாக இந்த அறிவிப்பை வெளியிட்டுப் பாருங்கள். பாலத்தில் நின்று பலகையைப் படித்து, உங்கள் கணக்கு எத்தனை செ.மீ. பிசகியது என்று எழுதி அனுப்ப எங்கள் பகுதியில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்